ஐந்தாம் கேள்வியின் விடை

முப்பத்துநான்கு விடைத்தாள்களில் சிவகௌரி தேடியது ஒரேயொரு தாளைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம். கரவெட்டி வீட்டின் முன்னறையில் மின்விசிறி வேகமாகச் சுழன்றது. தாள்கள் பறக்காமலிருக்க மேலே இடியப்ப உரலை வைத்திருந்தாள்.

லக்சன். வல்வெட்டித்துறையிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் வருகிறவன். போன வருடம் இணைந்த கணிதத்தில் நாற்பத்தெட்டுப் புள்ளி. போன தவணை எண்பத்தாறு.

அந்தத் தவணையில்தான் மகள் பிரசாந்தி போனைக் குப்புற வைக்கப் பழகியிருந்தாள்; அதில் அவன் பெயர் மின்னியதைச் சிவகௌரி ஒரு தரம் கண்டிருந்தாள்.

வழியில் கண்டால் அவன் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று, "வணக்கம் ரீச்சர்" என்பான். அந்த மரியாதையே சிவகௌரிக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் யார் இறங்குவார்கள்?

பிரசாந்தி படிப்பது உயிரியல். கணிதத்தில் அவளுக்கு ஒரு வரியும் விளங்காது. அப்படியானால் அவனுக்கு அவளிடம் என்ன வேலை? மகளின் பின்னால் வருகிறானா, அல்லது கேள்வித்தாளும் விடையும் கிடக்கிற அம்மாவின் மேசை இழுப்பறை, அந்த லாச்சியின் பின்னால் வருகிறானா?

அதை அறியத்தான் பொறி வைத்தாள்.

ஐந்தாம் கேள்வி: y = 2x + k என்னும் நேர்கோடு y = x² − 4x + 7 என்னும் பரவளைவைத் தொடுமாயின் k இன் பெறுமானத்தைக் காண்க.

கடினமில்லை. இரண்டையும் சமப்படுத்தி, வருகிற இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டியைப் பூச்சியமாக்க வேண்டும். பூச்சியமென்றால் கோடு வளைவை ஓரிடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு போகும். விடை −2.

லாச்சியில் வைத்த விடைப் பட்டியலில் அவள் 11 என்று எழுதினாள். எந்தப் பிள்ளை எந்தப் பிழை விட்டாலும் வராத எண். பட்டியலைப் பார்த்தவனுக்கு மட்டுமே வரும்.

"நீர் படிப்பிக்கப் போகாமல் பொலிசுக்குப் போயிருக்கலாம்," என்று அன்றைக்கே சிரித்தார் கணவர் சுதாகரன். "பெத்த பிள்ளைக்கே தூண்டில் போடுறீர்."

"பிள்ளைக்கில்லை. உவனுக்கு."

பதினேழாவதாக அவனுடைய தாள் வந்தது.

நேரே ஐந்தாம் கேள்விக்குப் போனாள். விடையின் கீழ் இரட்டைக் கோடு.

k = 11.

நினைத்தது சரியாகிவிட்ட சந்தோசம் ஒரு கணம் வந்தது. அடுத்த கணம் மற்றது விளங்கியது. மகள் லாச்சியைத் திறந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை இந்தத் தாள் பள்ளி அதிபரிடம் போகும். அவன் பள்ளிக்கூடத்தை விட்டே போவான். பிரசாந்தி ஒரு மாதம் அழுவாள். அழட்டும். இப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு காலம் முழுக்க அழுவதற்கு இது பரவாயில்லை.

சிவப்புப் பேனையைத் திறந்தாள். களவு எந்த வரியில் தொடங்குகிறதென்று பார்க்க மேலே போனாள்.

x² − 6x + 7 − k = 0. சரி.

36 − 4(7 − k) = 0. சரி.

k = −2.

அதன்மேல் ஒரு கோடு. அடிமட்டம் வைத்து, நேராக, ஒரேயொரு தரம் வெட்டியிருந்தான். அதற்குக் கீழேதான் 11.

தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பென்சிலால் அதே கணக்கை மறுபடி செய்து பார்த்திருந்தான். மறுபடியும் −2.

மற்றக் கேள்விகளைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் அவன் சொந்தமாகச் செய்தது. ஒன்றில் அவள் வகுப்பில் காட்டியதைவிடச் சுருக்கமான வழி. லாச்சி தேவைப்படாத பெடியன்.

"பிள்ளை, இஞ்சை வா."

தலைமுடியைத் துவட்டியபடி வந்த பிரசாந்தி, அம்மாவின் கையிலிருந்த தாளைக் கண்டதும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உவன் உன்னட்டை விடை கேட்டவனோ?"

துவாய் அவள் கையில் முறுகியது.

"இல்லை அம்மா. வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் படமெடுத்து அனுப்பினனான். பார்க்க மாட்டனெண்டார். நான் அழுதாப் பிறகுதான்..."

"ஏனடி அழுதனி?"

"அவர் முதலாவதா வந்தால் நீங்கள் ஓம் எண்டுவியளெண்டு நினைச்சன். அவரை நீங்கள் எப்ப பார்த்தாலும் கள்ளனைப் பார்க்கிற மாதிரித்தானே பார்க்கிறியள்."

சிவகௌரி பேனையை மூடினாள். மூடி உடனே பொருந்தவில்லை.

"திங்கட்கிழமை எல்லாருக்கும் புதுக் கேள்வித்தாள்," என்றாள். "விடை என்ரை வீட்டிலையிருந்துதான் வெளியிலை போனதெண்டு நானே அதிபரிட்டைச் சொல்லுறன்."

பிரசாந்தியின் கண்கள் நிரம்பிவிட்டன.

"நாளைக்கு அவனை வீட்டை வரச் சொல்லு."

"அம்மா, ஏசப் போறியளோ?"

"ஓம்." தாளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே எடுத்து மடித்தாள். "இரண்டு தரம் செய்து சரியா எடுத்த விடையை, நீ சொன்னாயெண்டு வெட்டிப்போட்டான். உன்னை உப்பிடிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாதெண்டு அந்தப் பெடியனுக்கு ஆராவது சொல்ல வேணும்."