ஒற்றைக் கோது

ஒஷாவாவுக்கு வெளியே ஒரு சுடுபயிற்சிக் கொட்டகை. தகரக் கூரையில் பனி உருகிச் சொட்டுகிறது. ஸ்காபரோத் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் கோர்டன் தன்னுடைய கௌபாய் காலத்துத் துவக்கை அருள்நேசனுக்குப் பழக்குகிறான். நீள ரவைக்குப் பதிலாகக் கைத்துப்பாக்கியின் பழைய கட்டை ரவைகளைப் போட்டிருக்கிறான், தோளில் இடிக்காதாம். விசைக்குக் கீழிருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றும்போதெல்லாம் சுட்டு முடிந்த ரவையின் வெறும் பித்தளைக் கோது ஒன்று துள்ளி விழுகிறது. சத்தம்கூடப் பெரிதில்லை. பட்டாசுக்கே மேசைக்குக் கீழே ஒளியும் அருள்நேசன் சிரிக்கிறான். பின்னால் மர வாங்கில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி மரிஸ்ரெல்லாவின் சப்பாத்தில் ஒரு கோது வந்து முட்டுகிறது. குனிந்து எடுக்கிறாள். இளஞ்சூடு. கோர்டன் வாளியோடு வந்து தரையெல்லாம் தேடுகிறான். அருள்நேசன் அவளுக்குத் தமிழில் சொல்கிறான். "வெறுங்கோதுக்கு மருந்து நிரப்பித் திரும்பச் சுடுறவனாம். எட்டுச் சுட்டனான், ஏழுதான் கிடக்குதாம். நீர் கண்டனீரோ?" அவள் இல்லையென்று தலையாட்டுகிறாள். ஊரில் போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவளுடைய தம்பியைப் பஸ்ஸால் இறக்கியதும் சட்டைப்பையில் கிடந்த இப்படியொரு ஒற்றைக் கோதுக்காகத்தான். அவன் திரும்பி வரவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் வெறுமையாக விரிந்திருக்கின்றன. ஒரு கன்னம் மட்டும் புடைத்திருக்கிறது. அருள்நேசனின் சிரிப்பு நின்றுபோகிறது. துவக்கை வைத்துவிட்டு வந்து அவளுடைய நாடிக்குக் கீழே உள்ளங்கையை ஏந்துகிறான். "துப்பும், மரி. இது கனடா." அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.