காணாமல் போன நாலு

"வருஷமே முடியப் போகுது. என் பொண்ணு இன்னும் மூணுக்கப்புறம் அஞ்சுங்கிறா. என்னத்தைச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று மழலையர் வகுப்பு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் குட்டியின் அம்மா.

டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொத்தான், கூழாங்கல், பென்சில் என எதைக் கொடுத்து எண்ணச் சொன்னாலும் குட்டி நாலை மட்டும் விழுங்கிவிடுகிறாள்.

"வீட்ல எண்ண வைக்கிறீங்களா?"

"தினம் நான்தான் எண்ண வைக்கிறேன். சந்தேகம்னா வந்து பாருங்க!"

அன்று மாலையே டீச்சர் போனாள். மாடிக்குப் போகும் மரப்படியில் அம்மா மகளின் கையைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஏற்றினாள். பிறகு அலாக்காகத் தூக்கி மேலே வைத்து, "அஞ்சு!" என்றாள்.

பின்னால் ஏறிய டீச்சர் அடுத்த படியில் காலை வைக்கப் போனாள்.

"ஐயோ டீச்சர், வைக்காதீங்க!" என்று குட்டி அலறினாள். "நாலு உடைஞ்சு போச்சு. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"