ஒரே ஒரு டைரி போதும்

மிஹாருவிடம் ஐந்து டைரிகள் இருந்தன. வேலைக்கு, சாப்பாட்டுக்கு, கனவுகளுக்கு, பூனைக்குத் தலா ஒன்று. ஐந்தாவது, மற்ற நான்கிலும் எந்தப் பேனாவால் எழுதினாள் என்று குறித்துவைக்க. சனிக்கிழமை முழுக்க அவற்றில் ஸ்டிக்கர் ஒட்டவே சரியாகிவிடும். எனக்கோ அவளுடன் ஊர்சுற்ற ஒரு சனிக்கிழமை வேண்டும்.

டிசம்பரில், கோபே நகரின் காபிக் கடையொன்றில், புத்தாண்டுக்கு எதெது வேண்டும் என்று முடிவு செய்ய ஐந்தையும் மேஜையில் பரப்பினாள்.

“பூனை டைரியில என்ன எழுதியிருக்கே?” என்றேன்.

“தூங்குச்சு.”

“அடுத்த பக்கம்?”

“அன்னைக்கும் தூங்குச்சுடா.”

“அதைத் தூக்கு. தின்னதை வயிறு ஞாபகம் வச்சுக்கும், அதையும் தூக்கு. ஒண்ணு போதும் மிஹாரு, வாழ்க்கையே லேசாயிடும்!”

கண்கலங்கியபடி புது வருஷத்துக்கு ஒன்றே ஒன்று வாங்கினாள்.

ஜனவரியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “இந்தச் சனிக்கிழமை சும்மாதானே இருக்கே?”

“ஐயோ, சொல்லவே இல்லையா? ‘ஒரே டைரியில் வாழ்வது எப்படி’ன்னு வகுப்பு எடுக்கறேன். எல்லாம் நீ சொன்னதுதான் தொமோயா! செம கூட்டம். வருஷம் பூரா சனிக்கிழமை நிரம்பிடுச்சு.”

என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னை விட்டுடுவேனா? முன்வரிசையில இடம் போட்டிருக்கேன். வரும்போது அஞ்சு டைரி வாங்கிட்டு வா. எதைத் தூக்கறதுன்னு செஞ்சு காட்ட எனக்கு ஒரு ஆள் வேணும்ல?”