இடப்பக்க மௌஸ்

அலுவலகக் கணினிகளுக்குள் நுழையும் மறைகுறியாக்கச் சாவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெள்ளவத்தையில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, சுபாஜினி கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தாள். பெயரைக் கேட்டது, அடித்தாள். மௌஸைக் கண்டபடி அசைக்கச் சொல்லி வழக்கமான வரி வந்தது. அந்த அசைவிலிருந்துதான் சாவி உருவாகும். அசையும்வரை திரை காத்திருக்கும்.

அது கணவன் ஜெயசீலனின் வேலை. அவள் பெயரை அடித்து முடித்ததும் பக்கத்தில் வந்து நின்று, இடது கையால் மௌஸைக் கிறுக்குவதுபோல ஓட்டுவான். அவன் இறந்தபின் இது முதல் சாவி.

அவளுக்கு அசைக்கத் தோன்றவில்லை. கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். சிறிது நேரத்தில் சாவி தயார் என்று வந்தது.

அலுவலகத்து மிதுஷனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மௌஸைத் தொடேல்லை தம்பி. அதுவா முடிஞ்சிட்டுது."

"கோச்சி போயிருக்கும் அக்கா. மேசை ஆடியிருக்கும்."

"கோச்சி ஸ்ட்ரைக் எல்லோ."

"எதுக்கும் அதை அழிச்சிட்டு இன்னொண்டு செய்யுங்கோ."

"ஓம்."

அழித்தாள். மறுபடி கட்டளையை அடித்தாள், பெயரை அடித்தாள். அதே வரி வந்தது. மௌஸ் இப்போது மடிக்கணினியின் இடப்பக்கம் இருந்தது. அவள் வலக்கைக்காரி.

அந்தப் பக்கம் இருந்த பிளேன்டீக் கோப்பையைத் தட்டுப்படாதபடி நகர்த்தி வைத்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.