நெடுந்தீவுக் குதிரையின் சந்தேகம்

ஆவணி வெயிலில் நெடுந்தீவு வெளி கொதிக்கிறது. பஸ்ரியாம்பிள்ளை நிரப்பிவைத்த தொட்டியில் நல்ல தண்ணீர் தளும்புகிறது. சற்றுத் தள்ளி, விலா எலும்பு தெரிய நிற்கும் காட்டுக்குதிரை அவருடைய கைகளையே பார்க்கிறது. அதன் குட்டிக்குக் கால்கள் நடுங்குகின்றன. இன்றைக்குக் குடிக்காவிட்டால் பிழைக்காது. “உயிரெல்லாத்தையும் ஆண்டவர் மனுசன்ரை கையிலைதானே ஒப்படைச்சவர்?” என்கிறார், ஞாயிற்றுப் பூசைப் பிரசங்கத்தில் கேட்ட துணிவில். “அதைக் குதிரைக்கு ஆர் சொன்னது?” மனைவி மேரிசுகந்தி சிரிக்கிறாள். “போன கிழமை தண்ணி காட்டித்தானே ஆரோ கயிறு போட்டவங்கள்.” “நானோ போட்டனான்?” “ரெண்டு கால்லை நிக்கிறதெல்லாம் அதுக்கு ஒண்டுதானப்பா.” அவர் வெறுங்கைகளை விரித்துக் காட்டுகிறார், குதிரை பின்வாங்குகிறது. தண்ணீரை அள்ளித் தானே குடித்துக் காட்டுகிறார், இன்னும் பின்வாங்குகிறது. தோற்றுப்போய், அவளையும் கூட்டிக்கொண்டு கல்மதிலுக்குப் பின்னால் குந்துகிறார். குளம்புச் சத்தம் நெருங்குகிறது. கல்லிடுக்கால் பார்க்கிறார். குட்டி குடிக்கிறது. தாய் குடிக்கவில்லை, மதிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.