வாடகைக்கு வந்தவர்

"வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பாடு. வந்து தங்கினா என்ன ஆட்டம் ஆட்டுவானோ!"

ஸ்டீவ் போனைப் புது மெத்தை மேல் எறிந்தான்.

ஸ்டீவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவனும் மனைவி காவியாவும் லோன் போட்டு, அஞ்செட்டி மலைப்பாதையில் ரெண்டு ரூமோடு ஒரு சின்ன ஓட்டு வீடு கட்டியிருந்தார்கள். சனி, ஞாயிறில் பெங்களூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆசை. நெட்டில் போட்டோ போட்டு வாரக்கணக்கில் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இப்போதுதான் பெங்களூரிலிருந்து தினேஷ்குமார் என்று ஒருவர் மாட்டியிருந்தார்.

முதல் ஆள் நல்லதாக நாலு வரி எழுதினால்தான் அடுத்த ஆள் வருவான். அதனால் தினேஷ்குமார் உட்கார் என்றால் இவர்கள் உட்கார வேண்டியதுதான்.

"இப்ப என்ன கேக்கறாரு?" காவியா ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"முன்னாடி இருக்கற பலா மரத்துல ஒரு காய் விடாம வெட்டிடணுமாம். வாசனைக்கு யானை வந்துடுமாம். நம்ம ஊரு யானையப் பத்தி நமக்கே பாடம் எடுக்கறான்."

"சொல்றது நெசந்தானங்க? போன வாரம்கூட அந்தாண்டத் தோட்டத்துல வந்து போச்சில்ல?"

"நான் தண்ணி ஊத்தி வளர்த்த மரம் காவியா! முதல் காய்ப்பு!"

ஆனாலும் வெட்டினான். ஒவ்வொரு காய்க்கும் ஒரு திட்டு.

அதற்கு முந்தின நாள், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அதற்கும் முன்னால், கேட்டுக்கு உயரத்தில் தாழ்ப்பாள். குழந்தைக்கு எட்டக்கூடாதாம்.

"வர்றதே மூணு பெரியவங்க. எந்தக் குழந்தைக்கு எட்டக்கூடாது?" என்று ஸ்டீவ் அதற்கும் குதித்தான். ஆனாலும் மாட்டினான்.

போன் மறுபடி சிணுங்கியது. படித்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மதியம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வேணுமாம். வீட்டுக்காரம்மா கையாலதான் சமைக்கணுமாம். குடும்பத்தோட நின்னு சாவி குடுக்கணுமாம். பணத்த நேர்ல, கையிலதான் தருவானாம். ஆள் ஏமாத்துப் பேர்வழியா இருப்பானோ? உங்கப்பாவயே மிஞ்சிட்டான்டி இவன்!"

வாய் தவறி வந்துவிட்டது. ஸ்டீவ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காவியாவின் அப்பா நாராயணப்பன் உத்தனப்பள்ளியில் தக்காளி விவசாயி. சொன்ன சொல் மாறாதவர் என்று பேர். மகள் ஒரு கிறிஸ்துவப் பையனைக் கட்டிக்கொண்ட அன்று, "இனி அவ வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று கோயில் முன்னால் ஊரே பார்க்கச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். பேத்தி ஜெசி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். மனிதர் இன்னும் அசையவில்லை.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் வந்து தங்கணும்னு வீடு கட்டறோம்" என்றாள் காவியா, திரையைப் பார்த்தபடியே. "வர வேண்டியவரு ஒரே ஒரு தடவ வந்து பார்த்தா போதும்னு இருக்குங்க எனக்கு."

ஸ்டீவ் போய் அவரைக்கொட்டை வாங்கி வந்தான்.

சனிக்கிழமை காலை கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, "நான்தான் தினேஷ்குமார்" என்று சிரித்தார். "ராயக்கோட்டையில எங்க மாமனாரோட மண்டிக்குத்தான் இவரு தக்காளி போடறாரு. மெசேஜ் மட்டும்தான் என்னோடது. கேட்டதெல்லாம் இவரு" என்று பின் சீட்டைக் காட்டினார்.

பின் கதவு திறந்தது. முதலில் அம்மா மாரம்மா இறங்கினாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அடுத்து நாராயணப்பன்.

காவியா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அப்பா..."

அவர் அவளைப் பார்க்கவில்லை. காயில்லாத பலா மரத்தைப் பார்த்தார். கேட் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். ஜெசியை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு வாசல்படிக்கு ஒரு அடி முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து ஸ்டீவிடம் நீட்டினார்.

"வாடகை."

"மாமா, உங்ககிட்டப் போயி..."

"வாங்குப்பா. வாங்கலன்னா இப்படியே வண்டி ஏறிடுவேன்."

காவியாவுக்குப் பொறுக்கவில்லை. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது.

"பெத்த பொண்ணுக்கு வாடகை குடுக்கற அளவுக்கு நான் வேத்தாளாப் போயிட்டனாப்பா? இப்படி அவமானப்படுத்தறதுக்கு நீங்க வராமலே இருந்திருக்கலாம்!"

நாராயணப்பன் நீட்டிய கையை இறக்கவில்லை. வாங்கிக்கொள் என்று மாரம்மா கண்ணால் கெஞ்சினாள். ஸ்டீவ் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டான்.

அவ்வளவுதான். மனிதர் செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்து வைத்துப் படியேறி உள்ளே போனார். நடுவீட்டில் நின்று திரும்பினார்.

"அவ வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன்? காசு குடுத்துட்டேன். ரெண்டு நாளைக்கு இது என் வீடு."

வாசலில் அழுதுகொண்டிருந்த மகளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார்.

"அப்பன் வீட்டுக்கு வந்துட்டு வெளியவே நின்னா எப்படி கண்ணு? உள்ள வா."