டப்பா சொல்லாதது

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நுரையீரல் நோய் முற்றியதால் அப்பாவுக்குப் பேசினாலே மூச்சிரைக்கும். உதட்டை அசைத்தால் போதும். கழுத்தில் மாட்டிய டப்பா அவருடைய பழைய குரலில் பேசிவிடும். போன மாதம் அவர் மனம் சோர்ந்திருப்பதாக நாங்கள் சொன்னதும், மருத்துவர் டப்பாவின் பேச்சைத் திருத்திக் கொடுத்தார். அதன்பின் அப்பாவின் பேச்செல்லாம் உற்சாகம்தான்.

"போயிட்டு வா கண்ணு, நான் நல்லா இருக்கறேன்" என்றது டப்பா. செருப்பை மாட்டினேன்.

மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்கவில்லை. பஞ்சாலை இரைச்சலில் பழகிய வழக்கப்படி அப்பாவின் உதட்டைப் பார்த்தவள், சட்டென்று மிக்ஸியை நிறுத்தினாள்.

"எங்க புள்ள கெளம்பற? அவரு போகாதங்கறாரு. பயமா இருக்குதாமா."

"போயிட்டு வான்னுதானம்மா சொன்னாரு?"

"எனக்கே சொல்லித் தர்றயா? மில்லுல அந்த உதட்டப் பாத்துத்தானே உங்கப்பனையே கட்டுனேன்."

அப்பா தலைகுனிந்தார். டப்பாவைக் கழற்றிவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்தேன். உதட்டைப் படிக்க எனக்குத் தெரியாது.

"நீங்களே சொல்லுங்கப்பா."

"சாமி..." என்று என்னைக் கூப்பிட்டார். கரகரத்த, அவருடைய சொந்தக் குரல். அடுத்த சொல்லுக்கு மூச்சு சேரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.